பதினைந்தாவது கட்டம்

2000களின் நடுப்பகுதியில் கனடாவில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டின் பிரதியைத் திறந்தால், முதற்பக்கங்களுக்கு இடையில் ஒரு தாள் செருகியிருக்கும். அது ஆய்வாளர் எழுதிய தாள் அல்ல. மேலே கனடா நூலகம், ஆவணக் காப்பகம் என்ற பெயரும் ஒட்டாவா முகவரியும் இருக்கும். ஒரே செய்தி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அருகருகே ஓடும். "உங்கள் கோப்பு", "எங்கள் கோப்பு" என்று இரண்டு சின்ன வரிகளும் உண்டு. அதன் கீழே வரும் பத்தியின் சாரம் இது: இந்த ஆய்வேட்டை நகலெடுக்க, பாதுகாக்க, இணையம் வழியே தர, இரவல் கொடுக்க, உலகெங்கும் விற்க ஆசிரியர் எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார், வணிகத்துக்கும் சரி, வணிகமல்லாத நோக்கத்துக்கும் சரி. அடுத்த பத்தி வேறொன்றைச் சொல்லும்: பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கிறது, அவரைக் கேட்காமல் இதை அச்சிடக் கூடாது.

பல வருடங்களாக இந்தத் தாளைப் புரட்டிவிட்டு நேரே பொருளடக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நின்று வாசிக்க வைத்தது என் பெறாமகளின் ஒரு தொலைபேசி அழைப்பு.

"சித்தப்பா, என்ர தீசிஸை ஆரோ விக்கினம்" என்றாள்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி அவள் எழுதிய முதுமாணிப் பட்ட ஆய்வேடு அது. பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் அது எவருக்கும் இலவசம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டும் ஒரு சொடுக்கில் இறக்கலாம். அதே ஆய்வேடு இப்போது ஓர் இணையக் கடையில், படம் ஏதுமில்லாத ஒற்றை நிற அட்டையோடு, எண்பது டொலருக்கு மேல் விலையில் நின்றது. தலைப்பும் பெயரும் அவளுடையவை. அவளை எவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வந்தது வேறொரு கவலை.

"காசு போனாப் போகட்டும். இதை அங்க ஊரில இருக்கிற ஒரு வாத்தியார் காசு குடுத்து வாங்கினா? அவையளுக்குத்தானே நான் சும்மா வாசிக்கச் சொல்லிப் போட்டனான்?"

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பெண்ணின் பி.டி.எஃப். கோப்பு, முகம் தெரியாத ஒருவரின் புத்தகமாக எப்படி மாறியது? அதைத் தேடிப் போன வழியில் நான் கண்டவை என்னை வியக்க வைத்தன. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

வழி தொடங்குவது ஒரு சவச்சாலையின் பின்கட்டில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக ஊர். அங்கே 1938இல் யூஜின் பவர் என்பவர் ஒரு சவச்சாலையின் பின்னால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் 'யூனிவர்சிட்டி மைக்ரோபில்ம்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். புத்தகப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து நுண்படச் சுருளாக்குவதே தொழில். முந்நூறு பக்க ஆய்வேடு ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் பவரின் பெரிய யோசனை சுருக்குவதில் இல்லை. அதுவரை ஒரு புத்தகத்தை அச்சிட வேண்டுமென்றால் சில நூறு பிரதிகளாவது அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுபடியாகாது. ஆய்வேட்டை உலகத்தில் பத்துப் பேர்கூடக் கேட்க மாட்டார்கள். பவர் மூலப்படத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஒருவர் கேட்டால் ஒரு பிரதி எடுப்பார். எவரும் கேட்காவிட்டால் எதுவும் எடுக்க மாட்டார். ஒரே ஒரு பிரதிக்கான பதிப்பு! இன்று 'கேட்டால் அச்சு' என்று பெரிதாகப் பேசப்படும் தொழில் முழுவதும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அதே முறையைக் கனடாவும் எடுத்துக்கொண்டது. 1965இல் கனடாவின் தேசிய நூலகம் பல்கலைக்கழக ஆய்வேடுகளை நுண்படமாக்கிச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அந்த வேலை ஒப்பந்தத்தில் பவர் தொடங்கிய நிறுவனத்திடமே போனது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொபார்ட்ஸ் நூலகம், பதினான்கு மாடிக் கொங்கிறீற் கோட்டை, அப்படிப்பட்ட நுண்படங்களைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்த இடங்களில் ஒன்று. வாசிப்புப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றி, எழுத்துகள் மேகம் போல ஓடி வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மெல்லிய புளிப்பு வாசம் ஞாபகம் இருக்கும். நான் மேலே சொன்ன தாள் அந்தக் காலத்தின் மிச்சம். படமெடுக்கவும் பிரதி விற்கவும் அனுமதி வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் பட்டத்துக்கான வேலை முடியும் என்ற நிலையில் மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 'விற்க' என்ற சொல் அங்கே கிடந்தது. அது எத்தனை தூரம் போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அது தூரம் போனது. 2000இல் அமெரிக்காவில் கொன்ரென்ற்வில் என்ற இணையக் கடை திறந்தபோது அதில் ஆய்வேடுகளும் விலைக்கு வந்தன. தம் பெயரை அங்கே கண்ட ஆய்வாளர்கள் திகைத்தார்கள். கடை 2001இல் மூடப்பட்டது. பின்னர் புரோகுவெஸ்ட் என்று பெயர் மாறிய அதே நுண்பட நிறுவனம் அமேசான் போன்ற கடைகள் வழியாகவும் ஆய்வேடுகளை விற்றது. 2014இல் அந்த வெளிக்கடை விற்பனையை அதுவே நிறுத்தியது. இவையெல்லாம் எங்கோ ஒரு தாளில் அனுமதி இருந்த விற்பனைகள். ஆசிரியருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும், ஆனால் திருட்டு என்று சொல்ல முடியாது. சவச்சாலையின் பின்கட்டில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2021இல் கிளாரிவேற் என்ற நிறுவனம் 530 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யாரும் வாங்காத புத்தகம் என்று நாம் நினைக்கும் ஆய்வேடு, ஒன்றாகச் சேர்ந்தால் எவ்வளவு பெறும் என்பது அதில் தெரிகிறது.

என் பெறாமகளின் கதை இதில் சேராது. அவளுடைய ஆய்வேடு நுண்படத்தின் வழியாகப் போகவில்லை. அது போன வழி இன்னும் அழகானது. அழகு என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன்.

ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வேடுகளை வைக்கும் இணைய இடத்தைத் தமிழில் 'களஞ்சியம்' என்கிறோம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்துக்கு ரி-ஸ்பேஸ் என்று பெயர். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டி-ஸ்பேஸ் என்ற திறந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டது அது. உலகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான களஞ்சியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே போய்த் தேடுவது நடக்கிற காரியமா? நூலகர்களும் கணினிக்காரர்களும் 1999 ஒக்ரோபரில் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் கூடி இதற்கு ஒரு வழி யோசித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நெறிமுறையில் மொத்தம் ஆறே ஆறு கேள்விகள். நீ யார்? உன்னிடம் என்ன தொகுப்புகள் இருக்கின்றன? எந்த வடிவில் தருவாய்? அடையாள எண்களைச் சொல். இந்த ஒன்றைக் கொடு. எல்லாவற்றையும் வரிசையாகக் கொடு.

கடைசிக் கேள்விதான் மந்திரம். ஒரு கணினி அதைக் கேட்டால் களஞ்சியம் முதல் கட்டுப் பதிவுகளை அனுப்பும். கூடவே ஒரு சீட்டும் தரும். அந்தச் சீட்டைத் திருப்பிக் காட்டினால் அடுத்த கட்டு வரும். இப்படியே கேட்டுக் கேட்டு, ஒரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சேர்த்த அத்தனை ஆய்வேடுகளின் விவரத்தையும் மனிதக் கை படாமல் எடுத்துவிடலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அறுவடை'. நம்மூரில் அறுவடை முடிந்த பிறகுதான் நெல் களஞ்சியத்துக்குப் போகும். இங்கே களஞ்சியத்தில்தான் அறுவடை. அறுத்த பிறகும் ஒரு மணி குறைவதில்லை.

அந்தப் பழைய தாளில் பெயர் இருந்த கனடா நூலகம், ஆவணக் காப்பகம் இன்று பல்கலைக்கழகக் களஞ்சியங்களிலிருந்து ஆய்வேடுகளைப் பெருமளவு இப்படித்தான் திரட்டுகிறது. ஒருவர் வன்னியில் ஒரு கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டி, ரொறன்ரோவில் எழுதிய ஆய்வேட்டைக் கண்டெடுப்பது இந்த ஆறு கேள்விகளின் பயன்.

ஒவ்வொரு பதிவும் ஒரு படிவம் போன்றது. அந்தப் படிவத்தின் அடிப்படை வடிவத்தை 1995இல் ஒரு கூட்டத்தில் வரையத் தொடங்கினார்கள். கூட்டம் நடந்த ஊர் ஒகாயோ மாநிலத்து டப்ளின். அதனால் 'டப்ளின் கோர்' என்று பெயர். அயர்லாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதில் பதினைந்து கட்டங்கள். தலைப்பு, ஆக்கியோர், பொருள், விவரிப்பு, வெளியீட்டாளர், பங்களித்தோர், தேதி, வகை, வடிவம், அடையாளம், மூலம், மொழி, தொடர்பு, எல்லை. பதினைந்தாவதாக, வரிசையின் கடைசியில், உரிமை.

இந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் கட்டாயம் இல்லை. வெறுமையாக விடலாம். நிரப்பினாலும் அதில் எழுதுவதற்குக் கண்டிப்பான வடிவம் இல்லை. ஒருவர் உரிமத்தின் இணைய முகவரியை எழுதுவார், இன்னொருவர் 'எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கே' என்பார், மூன்றாமவர் ஒன்றும் எழுத மாட்டார். அறுக்க வந்த கணினிக்குத் தலைப்பும் பெயரும் கோப்பின் முகவரியும் போதும். பதினைந்தாவது கட்டத்தைப் பார்க்காமலே அது போய்விடலாம். நல்ல நோக்கத்தோடு வருவதும் அதே ஆறு கேள்விகளைத்தான் கேட்கிறது. விற்க வருவது கேட்பதும் அதே ஆறு கேள்விகள். கேட்பது வாசகரா வியாபாரியா என்று பார்க்கும் கண் களஞ்சியத்துக்கு இல்லை.

அப்படியானால் களஞ்சியத்தின் கதவையே சாத்திவிடலாமே என்று யாரும் சொல்லும் முன் ஒரு ரொறன்ரோக் கதையைச் சொல்ல வேண்டும். 2009இல் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தன் முதுமாணி ஆய்வை எழுதினார். அவரும் அவருடைய குழுவினரும் 60,000 சின்னஞ்சிறு படங்களை வகைப்படுத்தித் தொகுத்திருந்தார்கள். ஒவ்வொரு படமும் 32க்கு 32 புள்ளிகள் மட்டுமே: பூனை, தவளை, குதிரை, கப்பல், லொறி என்று பத்து வகை. சைஃபார்-10 என்ற அந்தத் தொகுப்பும் அதை விளக்கும் அறிக்கையும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருந்தன. படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காணக் கணினியைப் பழக்கிய உலகத்தின் அத்தனை ஆய்வுக்கூடங்களிலும் அதைப் பயன்படுத்தாத இடம் அரிது. மாணவர்களும் தங்கள் நிரல்களை அந்தத் தவளைப் படங்களின் மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். கிரிஷெவ்ஸ்கியின் வழிகாட்டி ஜெஃப்ரி ஹின்ரனுக்கு 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த மாணவரின் வேலை எண்பது டொலர்ப் புத்தகமாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பேர் அதைத் தொட்டிருப்பார்களா?

கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆனால் திறந்த வீடு ஆளில்லாத வீடு ஆகாது.

கோப்பு கிடைத்த பிறகு அதைப் புத்தகமாக்குவதில் என்ன இருக்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்றைய 'கேட்டால் அச்சு' ஆலையில் ஒரு புத்தகம் என்பது ஒரு கோப்பு, ஓர் அட்டைப்படம், ஓர் எண். கடைப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் புத்தகம் அந்த நேரத்தில் உலகத்தில் எங்கும் இல்லை. நீங்கள் பணம் கட்டிய பிறகுதான் தாளில் மை விழுகிறது, முதுகில் பசை ஒட்டுகிறது. கிடங்கு இல்லை, தேங்கிய பிரதி இல்லை, நட்டம் இல்லை. ஆகவே ஒரு தலைப்பு நன்றாக விற்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பத்தாயிரம் தலைப்புகளைப் போட்டுவிட்டு, ஆண்டுக்கு நூற்றில் ஒன்று ஒரே ஒரு பிரதி போனாலும் நூறு விற்பனை. அந்தக் கணக்கை மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. ஃபிலிப் பார்க்கர் என்ற பேராசிரியர் கணினி நிரல் ஒன்றைக் கொண்டு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகளைத் தன் பெயரில் ஆக்கியிருக்கிறார் என்று 2008இலேயே நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. அவர் எவருடைய ஆய்வேட்டையும் எடுக்கவில்லை. எந்திரம் புத்தகம் செய்யும் வேகம் எத்தகையது என்பதற்காக அவரைச் சொல்கிறேன்.

ஆய்வேடுகளில் இது நடந்ததற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஹாங்காங். 2017ஐ ஒட்டி ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் பெருந்தொகையாக, முன்பு கேள்விப்படாத ஒரு பதிப்பகத்தின் பெயரில் அமேசானில் தோன்றின. உள்ளே ஒரு வரி: ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி இது பெறப்பட்டது. 2002 டிசம்பரில் வந்த அந்த உரிமங்களில் பல வகை உண்டு. 'பெயர் சொன்னால் போதும்' என்ற வகை விற்பனையைத் தடுப்பதில்லை. 'வணிகத்துக்கு அல்ல' என்ற இன்னொரு வகை தடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ளது பதினைந்தாவது கட்டத்தில் இரண்டு எழுத்து வித்தியாசம். கொடுத்தவர் அந்த வேற்றுமையை அறிந்து கொடுத்தாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு வகை வியாபாரமும் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பட்டம் முடித்த பலருக்கு அதன் மின்னஞ்சல் வந்திருக்கும்: உங்கள் ஆய்வேட்டைப் புத்தகமாக்குகிறோம், செலவில்லை, கையெழுத்துப் போடுங்கள். அங்கே ஆசிரியர் சம்மதித்துத்தான் கொடுக்கிறார். ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கொடுங்கள் என்பதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் பெறாமகளின் ஆய்வேட்டில் எந்த உரிமமும் இல்லை. அந்தக் கட்டத்தை அவள் வெறுமையாக விட்டிருந்தாள். வெறுமை என்றால் யாரும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் நேர் எதிர். கனடாவில் எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு வேண்டாம், முத்திரை வேண்டாம். 2022 டிசம்பர் 30 முதல் அது ஆசிரியரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. வணிகத்துக்காக மீறினால் ஒரு படைப்புக்கு 500 முதல் 20,000 டொலர் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். எவ்வளவு நட்டம் என்று நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை.

'ஏற்கெனவே எல்லாரும் பார்க்கக் கூடியதை விற்றால் என்ன குறைந்துவிடும்?' என்ற கேள்வி ரொறன்ரோவுக்குப் பழக்கமானது. ஹெதர் ரொபேர்ட்சன் என்ற எழுத்தாளர் குளோப் அன்ட் மெயில் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகள், அவரைக் கேட்காமல், மின்தரவுத்தளத்தில் விற்பனைக்கு வந்தன. 1996இல் தன்னைப் போன்ற எல்லா எழுத்தாளர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்ரோபரில், கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு நுட்பமான கோடு போட்டது. அன்றைய நாளிதழை நாளிதழாகவே குறுந்தகட்டில் தந்தால் அது பத்திரிகையின் உரிமை. கட்டுரையை இதழிலிருந்து பிரித்து, தேடி எடுக்கக் கூடிய தனிச் சரக்காக்கிவிட்டால் அது வேறு பொருள். அதற்கு எழுதியவரின் அனுமதி வேண்டும். 2009இல் 110 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. ஒரு படைப்பு முன்பே வெளியானது என்பதற்காக அதன் அடுத்த வடிவம் இலவச நிலம் ஆகிவிடாது என்று அந்தத் தீர்ப்பிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றை நீங்கள் அண்ணாந்து பார்த்திருக்கக் கூடும். ரொறன்ரோ டவுன்ரவுனில் ஈற்றன் சென்ரர் கடைத்தொகுதிக்குள் போனால் கண்ணாடிக் கூரையின் கீழ் வாத்துக் கூட்டம் ஒன்று பறந்து இறங்கும். மைக்கேல் ஸ்னோ 1979இல் செய்த அறுபது கனடிய வாத்துகள். கடைத்தொகுதியினர் அவற்றை விலைக்கு வாங்கியிருந்தார்கள். ஒரு நத்தார்க் காலத்தில் வாத்துகளின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள். ஸ்னோ நீதிமன்றம் போனார். 1982இல் ஒன்ராறியோ நீதிமன்றம் நாடாக்களைக் கழற்றச் சொன்னது. வாங்கியவருக்கு வாத்து சொந்தம். ஆனால் படைப்பின் மானம் படைத்தவரிடம் இருக்கிறது. இதைத் தார்மீக உரிமை என்கிறார்கள். ஆய்வேட்டுக்கு முகமில்லாத அட்டை போட்டு விற்பது அந்த அளவுக்குப் போகுமா என்பதை ஒரு நீதிபதிதான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் பெயருக்குக் கீழே அந்த விலையைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிவப்பு நாடாவே ஞாபகம் வந்தது.

சட்டம் இருக்கிறது, பிரதியைக் கண்டுபிடிப்பது யார்? இங்கேதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வருகிறது.

ஒரு கோப்பை அடையாளம் காணக் கணினியிடம் ஒரு பழைய வித்தை உண்டு. கோப்பு முழுவதையும் அரைத்து ஒரே ஒரு நீண்ட எண்ணாக்கிவிடும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினால் அந்த எண் அடியோடு மாறிவிடும். கோப்பு கலப்படமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க இது அருமையான வழி. பிரதியைப் பிடிக்க உதவாது: விற்பவர் புதிய அட்டை ஒன்றைச் சேர்த்தாலே எண் மாறி, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும்.

1997இல் அன்ட்ரே ப்ரோடரும் அவருடைய சகாக்களும் இணையத்தின் மூன்று கோடி ஆவணங்களில் எவை எவற்றின் பிரதிகள் என்று கண்டுபிடிக்க வேறொரு வழி செய்தார்கள். ஓட்டு வேய்வது போன்ற வழி: ஒரு ஓடு அடுத்த ஓட்டின் மேல் பாதி ஏறி நிற்கும் அல்லவா, அப்படி. 'வலிகாமத்துக் கிணறுகளில் ஆனி மாதத்தில் உப்பு கூடுகிறது' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். மும்மூன்று சொற்களாக, ஒவ்வொரு சொல் நகர்ந்து நகர்ந்து எடுத்தால் நான்கு ஓடுகள் கிடைக்கும். யாராவது 'ஆனி'யை 'ஆடி' என்று மாற்றினால் அந்தச் சொல் உள்ள மூன்று ஓடுகள்தான் உடையும். 60,000 சொல் கொண்ட ஆய்வேட்டில் 59,998 ஓடுகள். ஒரு சொல்லை மாற்றினால் உடைவது வெறும் மூன்று. அட்டையை மாற்றலாம், பக்க எண்ணை மாற்றலாம், எழுத்துருவை மாற்றலாம். ஓடுகள் அப்படியே கிடக்கும்.

அத்தனை ஓடுகளையும் ஒப்பிட நேரம் ஏது? அதற்கும் ஒரு தந்திரம். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு எண்ணாக்கி, அவற்றில் மிகச் சிறிய சில நூறு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எண்ணாக்கும் முறை ஒன்றே என்பதால், இரண்டு நூல்கள் ஒன்றாக இருந்தால் அவற்றின் சிறிய எண்களும் ஒன்றாகவே இருக்கும். பாதி ஒத்திருந்தால் அந்த எண்களிலும் ஏறக்குறைய பாதி ஒத்திருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அம்மா விரலால் நசுக்கிப் பார்ப்பதன் கணித வடிவம் இது.

தமிழில் மட்டும் ஒரு தடங்கல். யூனிகோட் பரவுவதற்கு முன் இங்கே நாமெல்லாம் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சினோம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பின் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அந்தக் காலத்து ஆய்வேட்டிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், 'அம்மா' என்ற சொல்கூட அம்மாவாக வராது. ஓடு பிரிக்கும் கணினிக்கு அது குப்பை. தேடுபொறிக்கும் குப்பை. நம்முடைய பழைய ஆய்வேடுகள் திறந்த கதவின் உள்ளே இருந்தும் வாசகர் கண்ணுக்குப் படாமல் கிடக்கின்றன. எவராவது எடுத்து விற்றாலும் எளிதில் பிடிபடாது. 'நூலகம்' என்ற நிறுவனம் போன்றவை நம் ஏடுகளை எண்மமாக்கி வருவதற்கு நான் நன்றியுள்ளவன். அந்த எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் கூடவே நடக்க வேண்டும்.

அமேசானின் சுயபதிப்பு விதிகளிலும் ஒரு வரி இருக்கிறது: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை, உரிமையாளர் அல்லாதவர் விற்பனைக்குப் போடக் கூடாது. கடையிடம் முறையாக எழுதினால் எடுத்துவிடுவார்கள். என் பெறாமகளும் எழுதினாள். ஆய்வேட்டின் நிரந்தர முகவரி, சமர்ப்பித்த தேதி, தான்தான் அதை எழுதியவள் என்பதற்கான அத்தாட்சி எல்லாம் சேர்த்து. சில வாரங்களில் அந்தப் பக்கம் மறைந்தது. எத்தனை பிரதி போயிருந்தது, எந்த ஊருக்குப் போயிருந்தது என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.

வாங்கப் போகிறவருக்கு ஒன்று சொல்லலாம். ஒரு புத்தகத்தின் விவரத்தில் ஆய்வேட்டு வாசனை அடித்தால், பணம் கட்டும் முன் அந்தத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு முறை தேடுங்கள். கனடாவில் எழுதியதென்றால் கனடா நூலகம், ஆவணக் காப்பகத்தின் கனடா ஆய்வேடுகள் பக்கம். இந்தியாவில் என்றால் காந்திநகரின் இன்ஃபிலிப்நெற் நடத்தும் ஷோத்கங்கா; பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் மின்பிரதியைக் கட்டாயமாக்கிய பிறகு வளர்ந்த அந்தக் களஞ்சியத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் குவிந்திருக்கின்றன. தமிழிலேயே எழுதப்பட்டவையும் அங்கே ஏராளம். இரண்டு நிமிட வேலை.

இந்த வசந்தத்தில் அவள் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அதே கிணறுகள், இந்த முறை இன்னும் ஆழமாக. ஒரு ஞாயிறு மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சமர்ப்பிப்புப் படிவத்தை நிரப்பினாள். சில காலத்துக்கு எவரும் பார்க்காதபடி மூடி வைக்கும் தெரிவும் அதில் இருந்தது. கூடப் படித்தவர்கள் அதைத்தான் போடச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. உரிமை என்ற கட்டம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'பெயர் குறிப்பிடவும், வணிகத்துக்கு அல்ல' என்ற உரிமத்தைத் தெரிந்தெடுத்தாள்.

பிறகு கோப்பையே திறந்து, நன்றியுரைப் பக்கத்துக்குப் போனாள். ஆசிரியர்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் கிணற்றுத் தண்ணீர் அள்ளித் தந்தவர்களுக்கும் நன்றி சொன்ன பிறகு, கடைசியில், யூனிகோட் தமிழில், ஒரு பத்தி சேர்த்தாள்: இந்த ஆய்வேடு இலவசம். இதை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துக் காசைக் கேளுங்கள். கீழே உள்ள முகவரியில் எப்போதும் கிடைக்கும்.

"அறுக்கிற மெஷின் கட்டத்தை விட்டிட்டுப் போகும், சித்தப்பா. பக்கத்தை விடாது" என்றாள். "அவங்கள் அச்சடிச்சா இதையும் சேர்த்துத்தான் அச்சடிக்கோணும்."